நயினார் அண்ணன் உருகிய பதினாறு நாள்

எங்கள் உப்பளக் காலனியில் நயினார் அண்ணன் நின்ற வாக்கில் உறைந்துபோனது ஒரு வெள்ளிக்கிழமை, சித்திரை வெயில் கூரைத் தகரத்தை முறுக்கிக்கொண்டிருந்த நேரம், அன்றைக்குத் தூத்துக்குடிப் பக்கம் குளிர்ந்து கிடந்த இடம் இரண்டே இரண்டுதான், ஒன்று இறால் கம்பெனியின் உறைய வைக்கிற அறை, இன்னொன்று நயினார் அண்ணன். நான் பக்கத்து வீட்டுக்காரி, பெயர் பாக்கியத்தாய், நடுவில் ஒரே ஒரு சுவர், அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். நம்பாதவர்கள் நேரே போய் அவருடைய இடது கையைப் பாருங்கள். சுண்டுவிரல் இருக்காது. அது என் கைங்கரியம், அதையும் மறைக்காமல் சொல்லத்தான் போகிறேன்.

எல்லாம் ஒரு சீலா மீனில் தொடங்கியது. நயினார் அண்ணன் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் ராக்காவல், மீன் என்றால் உயிர், ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுச் சீலாவை வாங்கி, பாதியைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு மீதிப் பாதியை ஃப்ரீசரில் போட்டார். செவ்வாய்க்கிழமை எடுத்து வெளியே வைத்தார், மீன் இளகி வழிந்த பிறகுதான் செவ்வாய் என்று ஞாபகம் வந்தது, திரும்ப உள்ளே போட்டார். புதன்கிழமை எடுத்தார், அமாவாசை, திரும்ப உள்ளே போட்டார். இதில் அவரை மட்டும் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது, எங்கள் காலனியில் எல்லா வீட்டு மீனும் இப்படித்தான் விரதத்துக்கும் நாக்குக்கும் நடுவில் உறைந்து உருகி, உருகி உறைந்து, கடைசியில் சட்டிக்கு வரும்போது பஞ்சாக வரும், நாங்களும் வாயை மூடிக்கொண்டு தின்போம். அவர் மனைவி பிரமசக்தி மட்டும்தான் சண்டை போடுவாள். இறால் கம்பெனியில், மைனஸ் நாற்பதில், சித்திரையிலும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பத்தொன்பது வருஷம் நின்றவள் அவள்.

"ஒரு தடவ உருகுனத மறுபடி உறைய வைக்கக் கூடாதுங்க, எத்தன தடவ சொல்லுதது? உள்ள கெட்டது குளிர்ல சாவாது, தூங்கிக்கிட்டுதான் கெடக்கும்" என்பாள். அண்ணன் சிரிப்பார்.

வியாழக்கிழமை அவருக்கு மாற்று ஆள் வரவில்லை என்று பகலும் ராவும் சேர்த்துக் காவல் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார், பிரமசக்தி ஷிப்டுக்குப் போய்விட்டாள், சுவரில் தொங்கிய நாள்காட்டியில் வியாழன் தாளை யாரும் கிழிக்கவில்லை. மனுஷன் வியாழன் என்றே நினைத்து மீனை எடுத்துக் கொல்லையில் துவைகல்லின் மேல் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டார். நான் துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தேன், பார்த்தவள் சும்மா இருந்திருக்கலாம், என் வாய் இருக்கிறதே!

"என்ன அண்ணே, வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீன எடுத்து வெச்சிருக்கீக?"

"ஐயையோ, இன்னைக்கு..." என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அப்புறம் சத்தமே இல்லை. வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பார் என்று நானும் என் வேலையைப் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு பிரமசக்தி வந்து பார்த்தபோது அவர் ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றார், வலது கையை ஃப்ரீசருக்குள் விட்டபடி, வாய் பாதி திறந்தபடி, புருவத்தில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்க, தலையிலிருந்து கால் வரைக்கும் கல்லாக. மீன் ஃப்ரீசருக்குள் பத்திரமாக இருந்தது. அவரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை, அழவில்லை, கம்பெனிப் பையிலிருந்து நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டரை எடுத்து அவர் வாய் வழியாகத் தொண்டை வரைக்கும் மெல்ல இறக்கி, முள் நிற்கிற வரைக்கும் பொறுத்திருந்து பார்த்தாள். மைனஸ் பதினெட்டு.

இங்கேதான் நான் வெந்நீரோடு வருகிறேன். ஒரு குடம் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வந்து, நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், தொங்கிக்கொண்டிருந்த இடது கையில் ஊற்றிவிட்டேன். சுண்டுவிரல் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு வெந்த கத்தரிக்காயாகக் குழைந்துபோனது. பிரமசக்தி என் கன்னத்தில் விட்டாள் ஒன்று, இன்றைக்கும் அந்தப் பக்கம் எனக்குச் சரியாகக் காது கேட்காது.

"மேல வெந்துரும், உள்ள கல்லாவே இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல அழுவிப் போயிரும்! வெந்நி கூடாது, வெயில் கூடாது, வெளிய போட்டு வைக்கக் கூடாது. குளிரவெச்சே உருக்கணும். பொறுமையா உருக்குனாத்தான் முழுசாக் கெடைப்பாக" என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. நீட்டிய கையோடு அவரை ஏற்றினால் கதவைச் சாத்த முடியவில்லை, கையை மடக்கினால் ஒடியும் என்று அவள் குறுக்கே படுத்துக்கொண்டாள், திரும்பிப் போய்விட்டது. டாக்டர் எட்வின் வந்தார், நாடி பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "குளிர்ந்து கிடக்கிற ஆளைச் செத்தவர்னு நான் எழுத மாட்டேன்மா. சூடாகட்டும். சூடாகியும் எந்திரிக்கலைன்னா வந்து எழுதித் தாறேன்" என்று சொல்லிவிட்டு, இதெல்லாம் தினம் பார்க்கிறவர் மாதிரி ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அவள் கணக்குப் போட்டாள். கிலோவுக்கு ஆறு மணி நேரம், அண்ணன் அறுபத்திரண்டு கிலோ, பதினைந்தரை நாள். வீட்டு ஃப்ரிட்ஜில் ஆள் கொள்ளாது, ஆள் கொள்ளுகிற பெட்டி ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது சாவு வீட்டுக்கு வாடகைக்கு வருகிற ஐஸ் பெட்டி. பெட்டியை வாடகைக்கு விடுகிற லூர்து கொண்டு வந்து இறக்கினான். "மைனி, எத்தனையில வைக்கட்டும்?" என்றான். "நாலு டிகிரி" என்றாள். "இந்தப் பெட்டியில குளிர வைக்க ஆளப் போட்டிருக்கேன், சூடாக்கப் போட்டதில்ல" என்று தலையைச் சொறிந்துகொண்டே திருகினான். படுக்க வைத்ததும் அண்ணனின் வலது கை பெட்டிக்கு மேலே நேராக நீட்டிக்கொண்டு நின்றது, கண்ணாடி மூடி பொருந்தவில்லை, கம்பெனியிலிருந்து தெர்மோகோல் பலகை கொண்டு வந்து கையைச் சுற்றி அடைத்து, சாக்குப் போட்டுப் போர்த்தி, மூடியின் மேல் ஒரு தாளை ஒட்டி எழுதினாள்: வெள்ளி, மாலை 6 மணி, 62 கிலோ.

ஐஸ் பெட்டி என்று ஒன்று வந்து இறங்கிவிட்டால் ஜனம் சும்மா இருக்குமா? ஒப்பாரிக்காரிகள் தாங்களாகவே வந்துவிட்டார்கள், மாலை வந்தது, ஊதுவத்தி வந்தது. "அவுக சாகல, உருகுதாக. அழணும்னா வெளிய போயி அழுங்க, உங்க மூச்சுச் சூடு உள்ள ஏறுது" என்று அவள் விரட்டினாள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார்கள். மூன்றாம் நாள் அழுகை தீர்ந்துபோய், நான்காம் நாள் அதே மரத்தடியில் வெங்காயம் உரித்தார்கள், ஐந்தாம் நாள் காலையில் தண்ணீருக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்து "இன்னைக்கு எத்தன டிகிரிளா?" என்று கேட்டுவிட்டுப் போகிற அளவுக்கு எங்களுக்கு அது பழகிவிட்டது. தூக்கிய கையைப் பார்த்து ஆசீர்வாதம் என்று சிலர் எலுமிச்சைப் பழ மாலையைக் கொண்டு வந்து மாட்டினார்கள். பிரமசக்தி அதை அறுத்து ஊறுகாய் போட்டுவிட்டாள்.

அந்தப் பாதி திறந்த வாயில் நின்ற வார்த்தை என்னவென்று காலனியே மண்டையை உடைத்துக்கொண்டது. முருகா என்றார்கள் சிலர், பிரமு என்றார்கள் சிலர். எனக்குத் தெரியும், நான்தானே கேட்டேன், ஆனால் என் குரலால்தான் அவர் ஓடினார் என்று சொல்ல எனக்கு அப்போது தைரியமில்லை.

முள் ஏறிக்கொண்டிருந்தது. மைனஸ் பதினெட்டு, பதினொன்று, ஆறு, இரண்டு. ஆறாம் நாள் பூஜ்ஜியத்துக்கு வந்தது. வந்தது, நின்றுவிட்டது. ஏழாம் நாளும் பூஜ்ஜியம். எட்டாம் நாளும் பூஜ்ஜியம். "இதுதான் கஷ்டமான இடம். கட்டி தண்ணியா மாறுதப்ப சூடெல்லாம் அதுக்கே போயிரும், முள்ளு நகராது. இறால் கட்டியும் இப்படித்தான் அடம்பிடிக்கும்" என்று அவள் எல்லாருக்கும் சொன்னாள், ஆனால் முதல் நாள் மாதிரிச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரிச் சொன்னாள்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு, டிரான்ஸ்பார்மர் வெடித்துக் காலனி முழுக்கக் கரண்ட் போனது. சாயங்காலம் வரைக்கும் வராது என்றார்கள். பெட்டி முனகலை நிறுத்திவிட்டது, வெளியே நாற்பது டிகிரி, வெந்நீர் ஊற்றிய கை இது, எனக்குத் தெரியாதா சூடு என்ன செய்யும் என்று. "யாரும் மூடியத் தொறக்காதீங்க! தொறக்காத வரைக்கும் குளிர் உள்ளயே நிக்கும்" என்று பிரமசக்தி பெட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். நான் வீடு வீடாக ஓடினேன். நாற்பத்தியோரு வீடு, நாற்பத்தியோரு ஃப்ரீசர், இருக்கிற ஐஸையெல்லாம் தட்டித் தட்டி எடுத்து பாலிதீன் பையில் கட்டிப் பெட்டியைச் சுற்றி அடுக்கினோம், கம்பளி போர்த்தினோம், மேலே பாய் போட்டோம். ஐஸ் போன பிறகு எல்லார் வீட்டு மீனும் இளகிக்கொண்டு வந்தது. எங்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கம். வெள்ளிக்கிழமை. திரும்ப உறைய வைக்க மனசு வரவில்லை, ஒரு மனுஷனே அப்படிக் கிடக்கும்போது எப்படி வரும்? அன்றைக்கு எங்கள் காலனியில் நாற்பத்தியோரு வீட்டிலும் மீன் குழம்பு கொதித்தது, சாமி ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. அவள் கம்பியை இறக்கிப் பார்த்தாள். பூஜ்ஜியம்.

இரண்டாம் நாளே கோவில்பட்டியிலிருந்து வந்து தங்கியிருந்தவர் நயினார் அண்ணனின் கூடப்பிறந்த மூத்தவர், சிவனணைந்தான். கெட்டவர் இல்லை. பிள்ளையில்லாத தம்பி, கொள்ளி வைக்க நான்தான் என்று வந்த மனுஷன், பெட்டியைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதவர். ஆனால் சடங்கில் பிசகக்கூடாது. "பதினாறு வரைக்கும் உன் இஷ்டம். பதினாறாம் நாள் என் இஷ்டம். போன உசிர வாசல்ல நிறுத்தி வெச்சா அது நமக்கும் ஆவாது, அவனுக்கும் ஆவாது" என்று சொல்லியிருந்தார்.

பதினாறாம் நாள் சனிக்கிழமை. காலையிலேயே வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. பச்சை ஓலைப் பாடை வந்தது, தாம்பாளத்தில் கோடிச் சேலை வந்தது, அதைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரப் பொம்பளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள், அவளை நடுவில் உட்கார வைக்கப் பலகை போட்டார்கள். வளையலை உடைக்க ஒரு கல்லும் கொண்டு வந்திருந்தார்கள்.

"எத்தன டிகிரி?" என்று கேட்டார் சிவனணைந்தான்.

அவள் கம்பியை எடுத்துக் காட்டினாள். பூஜ்ஜியம்.

"பத்து நாளா அதையேதான் காட்டுத, தாயி."

"அத்தான், நாளைக்குக் காலையில ஆறு மணி. என் கணக்கு அதான். ஒரு பகலும் ஒரு ராவுந்தான் பாக்கி."

"சாவுக்குக் கணக்கு இன்னைக்கு."

ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள், ஒருத்தி தாலிச் சரடில் கை வைத்தாள். பிரமசக்தி திமிறவில்லை. அதுதான் எங்களுக்கு அதிசயம், என்னை அறைந்த அந்தக் கை சும்மா தொங்கியது. அவள் அழ ஆரம்பித்தாள், பதினாறு நாளில் முதல் தடவை, வாயைக் கோணிக்கொண்டு, மூக்கு ஒழுக. "எனக்கும் தெரியல அத்தான். இறால உருக்கத் தெரியும், மனுசன உருக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நின்னேன், அவ்வளவுதான். அவுக செத்துட்டாகன்னா நாளைக்கும் செத்துதான் கெடப்பாக, எங்கயும் ஓடிர மாட்டாக. ஆனா உள்ள ஒரு எடத்துல மட்டும் இன்னும் ஐஸ் இருந்து, இன்னைக்கு நாம கொண்டுபோயி எரிச்சுட்டோம்னா? அத நான் எப்படித் தாங்குவேன்?"

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. வெள்ளிக்கிழமை நான் கத்தியதையும், அவர் பாதி வார்த்தையோடு ஓடியதையும், எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டேன். "அவரு பேச ஆரம்பிச்ச பேச்சே இன்னும் முடியலய்யா, அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?" என்று கத்தினேன். என் மேல் எல்லாரும் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன்.

சிவனணைந்தான் அந்த வளையல் உடைக்கிற கல்லை எடுத்துக்கொண்டுபோய் வெளியே வீசினார். திரும்பி வந்து பெட்டி பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "ஆறு மணி. அதுக்கு மேல ஒரு நிமிசம் கேக்கக் கூடாது" என்றார். பாடை வாசலிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே நாங்கள் போனபோது முள் நகர்ந்திருந்தது. ஐந்து மணிக்கு ஒன்று. ஐந்தேகாலுக்கு இரண்டு. ஐந்தரைக்கு நான்கு. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "இனி பெட்டியில வைக்கக் கூடாது. உருகுனது அப்படியே கெடந்தா அஞ்சுக்கு மேல கெட ஆரம்பிச்சிரும். மீனுன்னா ஒடனே அடுப்புல ஏத்தலாம், இவுகள என்ன செய்ய?" என்று எங்களைப் பார்த்தாள். சிவனணைந்தான்தான் எழுந்து மூடியைத் தூக்கினார். நான்கு பேர் பிடித்துப் பாயில் கிடத்தினோம், உடம்பு கொழகொழவென்று மடிந்தது, வலது கை மட்டும் தோளிலிருந்து விறைத்து மேலே நின்றது. நெஞ்சில் காது வைத்தாள். ஒன்றுமில்லை.

"தேயுங்க" என்றாள். "வெந்நி வேண்டாம், தீ வேண்டாம், கை மட்டும். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி சூடு ஏறணும், ஒரு எடம் முந்தக் கூடாது."

தேய்த்தோம். அவள் அவர் முகத்தில், சிவனணைந்தான் நெஞ்சில், லூர்து தொடையில், நான் காலில், கோடிச் சேலை கொண்டு வந்த பொம்பளைகள் தாம்பாளத்தை வைத்துவிட்டு ஆளுக்கொரு சாண் உடம்பைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு கை சளைத்தால் இன்னொரு கை வந்தது, எங்கள் உள்ளங்கைச் சூடெல்லாம் அவருக்குள் போய்க்கொண்டே இருந்தது, சித்திரை மாதத்தில் எங்களுக்குப் பல் கிட்டியது. உப்புக் கம்பெனிச் சங்கு ஊதியது. ஆறு மணி. சிவனணைந்தான் கையை எடுத்தார், கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. அவர் மறுபடியும் நெஞ்சில் கை வைத்தார்.

நானும் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பதினாறு நாளாக மேலே நின்ற அந்த வலது கை, முதலில் விரல் மடங்கி, பிறகு முழங்கை மடங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கி, சிவனணைந்தானின் வழுக்கைத் தலையில் வந்து உட்கார்ந்தது. மூத்தவர் அப்படியே உறைந்துவிட்டார், இவரும் போய்விட்டாரோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன். நயினார் அண்ணனின் பாதி திறந்த வாய் அசைந்தது, தொண்டையில் தண்ணீர் புரளுகிற சத்தம் கேட்டது.

"...வெள்ளியா?" என்றார்.

பிரமசக்திதான் சொன்னாள். "இல்லங்க. ஞாயிறு."

அவர் கண்ணைத் திறந்து எங்களையெல்லாம் ஒருதரம் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல், ஆனால் முகம் மலர்ந்து, "அப்போ அந்தச் சீலாவ வெளிய எடுத்து வைளா" என்றார்.

அவள் எழுந்து உள்ளே போய் ஃப்ரீசரைத் திறந்து, கரண்ட் போன அன்றையும் சேர்த்து நான்கு தடவை உருகி ஐந்தாம் தடவை உறைந்து கிடந்த அந்தப் பாதிச் சீலாவை எடுத்துக்கொண்டு வந்தாள், வந்தவள் கொல்லை வாசல் வழியாகக் குப்பைக் குழியைப் பார்த்து வீசிய வீச்சில் அது எங்கே போய் விழுந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. "அடிப்பாவி, நல்ல மீனுளா அது" என்று அண்ணன் முனகினார்.

அவள் பாயில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுண்டுவிரல் போன அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். "இங்க பாருங்க. ஒரு தடவதான். இன்னொரு தடவ உறைஞ்சீகன்னா என்னால உருக்க முடியாது" என்றாள். சொல்லும்போது அவள் பல் அடித்துக்கொண்டிருந்தது, பத்தொன்பது வருஷம் மைனஸ் நாற்பதில் நின்றவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்குக் குளிர்ந்தது. கோடிச் சேலையைத்தான் எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டேன்.